தொட்டிலில் இட்ட சொல்

எகிப்து தேசத்தின் செங்கடற்கரையில், குசேர் அல் கதீம் என்று இன்று வழங்கும் பழைய துறைமுகத்தைத் தோண்டிப் பார்த்த ஆராய்ச்சியாளர்களுக்கு, மணலுக்கடியில் புதைந்து கிடந்த எத்தனையோ பொருள்களுக்கிடையே, தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த சில பானை ஓடுகளும் கிடைத்தன. அவற்றுள் ஒன்றில் ‘சாதன்’ என்றும் மற்றொன்றில் ‘கணன்’ என்றும் எழுதியிருந்தது. ஏறக்குறைய 2,000 ஆண்டுகளுக்கு முன், பருவக்காற்றை நம்பிக் கடல் கடந்து போன அந்தத் தமிழர்கள் எந்த ஊரில் பிறந்தார்கள், என்ன சரக்கை ஏற்றிச் சென்றார்கள், திரும்பி வந்து தம் மக்களின் முகத்தைக் கண்டார்களா என்பதெல்லாம் காலவெள்ளத்தில் மறைந்துபோக, அவர்கள் பிறந்த வீட்டில் யாரோ ஒரு தாயோ பாட்டனோ மனமுவந்து இட்ட அந்தச் சிறு சொல் மட்டும் இன்றளவும் அழியாமல் நிற்கிறது. வைகைக் கரையிலுள்ள கீழடியின் ஓடுகளிலும் ‘ஆதன்’, ‘குவிரன்’ என்று பெயர்களையே காண்கிறோம். கையில் எழுத்து வந்தவுடன் மனிதன் முதலில் எழுத ஆசைப்பட்டது தன் பெயரைத்தான் போலும்.

அப்படிப்பட்ட பெயரைக் குழந்தை பிறந்த கணத்திலேயே இட்டுவிடுவது பழைய சமூகங்கள் பலவற்றில் வழக்கமில்லை. நம் நாட்டு நாமகரணம் 11-ஆம் நாளிலோ 12-ஆம் நாளிலோ நடைபெறுகிறது. இஸ்லாமியர்கள் 7-ஆம் நாளில் அகீகா என்னும் பலி கொடுத்துப் பெயரிடுகிறார்கள். யூதர்கள் ஆண் குழந்தைக்கு 8-ஆம் நாளில் விருத்தசேதனச் சடங்கின்போது பெயரிடுகிறார்கள். நைஜீரியாவின் யொருபா மக்களும் அதே 8-ஆம் நாளில், தேனும் உப்பும் தண்ணீரும் வைத்துச் சுற்றத்தாரைக் கூட்டி, இனிப்பும் சுவையும் வற்றாத வாழ்வும் அமைய வேண்டுமென்று ஆசீர்வதித்துக் குழந்தையின் பெயரை உரைக்கிறார்கள். வந்த விருந்தாளி தங்குவாரோ, வந்த வழியே போய்விடுவாரோ என்று வீடே மூச்சடக்கிக் காத்திருந்த அந்தச் சில நாட்கள் கழிந்த பிறகே, பரப்பிய அரிசியில் பெயரை எழுதி, மடியில் கிடக்கும் சிசுவின் காதருகே குனிந்து, மும்முறை மெல்லச் சொல்லும் தைரியம் பெரியவர்களுக்கு வருகிறது.

காதில் ஓதும் அந்தச் சொல்லின் அர்த்தத்தை, தேசந்தோறும் பாஷைதோறும் சென்று விசாரித்துப் பார்த்தால், மூன்று ஊற்றுக்களிலிருந்து அது பெருகி வருவது தெரியும்: போனவர்களைப் பற்றிய நினைவு, வரப்போகும் வாழ்வுக்கான வேண்டுதல், இருப்பதை இழந்துவிடுவோமோ என்ற அச்சம்.

பேரன் என்னும் சொல்

நினைவிலிருந்து தொடங்குவோம். மகனுக்குப் பிறந்த மகனைப் ‘பேரன்’ என்கிறோம். ‘பெயரன்’ என்பதே பேச்சில் திரிந்து பேரன் ஆயிற்று. பாட்டனின் பெயரைத் தாங்குகிறவன் என்பது அதன் பொருள். பேர்த்தியும் அவ்வாறே பாட்டியின் பெயரைத் தாங்குகிறவள். ஒரு சமூகம் தன் உறவுமுறைச் சொல்லுக்குள்ளேயே பெயரிடும் சம்பிரதாயத்தைப் பொதிந்து வைத்திருக்கிறதென்றால், அந்தச் சம்பிரதாயம் எவ்வளவு தொன்மையானதாகவும் உயிருக்கு நெருக்கமானதாகவும் இருந்திருக்க வேண்டும் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

இந்தச் சம்பிரதாயத்தால் நம் வீடுகளில் விளைந்த அழகானதொரு சங்கடமும் உண்டு. கணவன் பெயரை மனைவியும், மாமனார் பெயரை மருமகளும் வாய்விட்டுச் சொல்லாத அந்தக் காலத்தில், பாட்டனாரின் பெயரையே பேரனுக்கு இட்டுவிட்டு, அவனை எப்படிக் கூப்பிடுவது என்று அந்த வீட்டுப் பெண்கள் திகைத்து நின்று, ‘ஐயா’ என்றும் ‘ராசா’ என்றும் அழைத்து, ஐந்து வயதுப் பிள்ளைக்கு அறுபது வயதுக்குரிய மரியாதையைத் தந்து வளர்த்தார்கள். சீன தேசத்தில் இதே மரியாதை இன்னும் கடுமையாக அனுசரிக்கப்பட்டது. ஆளும் சக்கரவர்த்தியின் பெயரிலுள்ள எழுத்தை எவரும் எழுதலாகாது, தந்தையின் பெயரிலுள்ள எழுத்தை மகன் உச்சரிக்கலாகாது என்று அங்கே விதி இருந்தது.

யொருபா மக்களோ ஒரு படி மேலே செல்கிறார்கள். பாட்டனார் காலமான பின் பிறக்கும் ஆண் குழந்தைக்கு அவர்கள் இடும் ‘பாபாதுண்டே’ என்ற பெயருக்கு ‘தந்தை திரும்பி வந்துவிட்டார்’ என்று பொருள். பாட்டியார் மறைந்த பின் பிறக்கும் பெண்ணுக்கு ‘யெதுண்டே’, அதாவது ‘தாய் திரும்பி வந்துவிட்டாள்’. நம் முன்னோர் ஓர் உறவுப் பெயரில் அடக்கிச் சொன்னதை அவர்கள் ஒரு வாக்கியமாகவே விரித்துச் சொல்லிவிட்டார்கள். கிரேக்கர்களும் மூத்த மகனுக்குத் தந்தைவழிப் பாட்டனின் பெயரையே பெரும்பாலும் இட்டு வந்திருக்கிறார்கள். யூதர்களுக்குள்ளே இது குறித்து இருவேறு வழக்கங்கள் உண்டு. ஸ்பெயின் தேசத்து வழிவந்த செபராதி யூதர்கள், பாட்டன் உயிரோடிருக்கும்போதே அவர் பெயரைப் பேரனுக்கு இட்டு, அதை அவருக்குச் செய்யும் கௌரவமாகக் கொள்கிறார்கள். ஐரோப்பாவின் நடுப்பகுதியிலும் கிழக்கிலும் வாழ்ந்த அஷ்கனாசி யூதர்களோ, இருப்பவர் பெயரை இடுவது அவருடைய ஆயுளுக்கு ஆகாது என்று அஞ்சி, மறைந்தவர் பெயரை மட்டுமே இடுகிறார்கள். வழக்கங்கள் ஒன்றுக்கொன்று முரணாக இருந்தபோதிலும், மூத்தவர்மீது வைத்த அன்பே இரண்டுக்கும் மூலம்.

முன்னெழுத்தும் மூத்த உறவும்

குடும்பப் பெயர் என்ற ஒன்று இல்லாமல், தந்தையின் பெயரை முன்னெழுத்தாகச் சுமக்கும் தமிழர்களைப் பார்த்து வெளிநாட்டார் வியப்பதுண்டு. ஆயினும் இந்த வழக்கத்தில் நாம் தனித்தவர்கள் அல்லர். வட அட்லாண்டிக் கடலில் பனியும் எரிமலையும் கலந்து கிடக்கும் ஐஸ்லாந்துத் தீவில், 1980-ஆம் ஆண்டு மக்கள் வாக்களித்து ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுத்த விக்டிஸ் ஃபின்போகாடோட்டிர் அம்மையாரின் பெயருக்கு ‘ஃபின்போகியின் மகள் விக்டிஸ்’ என்பதைத் தவிர வேறு பொருளில்லை. மணமான பின்னும் அங்கே பெண்கள் தந்தையின் பெயரையே வைத்துக்கொள்கிறார்கள். அந்நாட்டுத் தொலைபேசிப் புத்தகமும் இடுபெயரின் அகரவரிசையிலேயே அச்சிடப்பட்டது. 1960-ஆம் ஆண்டு ரோம் நகரத்து ஒலிம்பிக் மாரத்தானில் வெறுங்காலோடு ஓடித் தங்கம் வென்ற எத்தியோப்பிய வீரர் அபெபெ பிகிலாவும் அப்படித்தான். ‘அபெபெ’ என்றால் ‘பூத்தான்’. பிகிலா என்பது அவர் தந்தையின் பெயர்.

தந்தையைச் சொல்லி மகனை அறிவதைப் போலவே, மகனைச் சொல்லித் தந்தையை அறியும் வழக்கமும் உலகத்தில் இருக்கிறது. அராபியர்கள் ஒருவரை ‘அபூ’ என்று தொடங்கி, இன்னாரின் தந்தை என்று அழைப்பதை மரியாதையாகக் கருதுகிறார்கள். இது நமக்கு அந்நியமானது என்று எண்ணிவிட வேண்டாம். ‘ஆதன் தந்தை’ என்பது ‘ஆந்தை’ என்றும், ‘பூதன் தந்தை’ என்பது ‘பூந்தை’ என்றும் புணர்ந்து வரும் என்று தொல்காப்பியம் எழுத்ததிகாரத்தில் இலக்கணமே வகுத்து வைத்திருக்கிறது. கோப்பெருஞ்சோழனை முகம் காணாமலே நேசித்து, அவன் வடக்கிருந்தபோது தாமும் வந்து உடனிருந்து உயிர் நீத்த பிசிராந்தையாரின் பெயரை, பிசிர் என்னும் ஊரைச் சேர்ந்த ஆதன் தந்தையார் என்று விரித்துப் பொருள் கொள்வது அறிஞர் வழக்கம். நட்புக்கு இலக்கணமாக நாம் போற்றும் அந்தப் பெரியவர் தம் பிள்ளையின் பெயராலேயே வரலாற்றில் நிற்கிறார்.

கிழமையும் வரிசையும்

மேற்கு ஆப்பிரிக்காவில் கானா நாட்டு அகான் மக்களிடையே, குழந்தைக்கு முதற்பெயரை யாரும் தேடி அலைய வேண்டியதில்லை. பிறந்த கிழமையே பெயரைக் கையில் கொண்டு வருகிறது. வெள்ளிக்கிழமை பிறந்த ஆண் ‘கோஃபி’, பெண் ‘அஃபுவா’ அல்லது ‘எஃபுவா’. சனிக்கிழமை பிறந்தவன் ‘குவாமே’, பிறந்தவள் ‘அமா’. திங்கட்கிழமை பிறந்தவன் ‘கோஜோ’. ஐக்கிய நாடுகள் சபையின் பொதுச் செயலாளராக விளங்கிய கோஃபி அன்னான் பிறந்த 1938-ஆம் வருஷம் ஏப்ரல் 8-ஆம் தேதி ஒரு வெள்ளிக்கிழமை. இரட்டைக் குழந்தைகளில் ஒருவர் என்பதைக் குறிக்கும் ‘அட்டா’ என்ற சொல்லும் அவர் பெயரில் உண்டு. உடன்பிறந்த சகோதரியின் பெயர் எஃபுவா. நட்சத்திரத்துக்குரிய எழுத்தைப் பார்த்து நாம் பெயர் தேடுவதும், கிழமைக்குரிய எழுத்தைக் கொண்டு பர்மியர்கள் பெயரைத் தொடங்குவதும் இதே எண்ணத்தின் வேறு வடிவங்கள். மனிதன் பிறந்த வேளையைப் பிரபஞ்சம் கவனித்துக்கொண்டுதான் இருந்தது என்ற ஆறுதல் இவற்றுக்குள் இருக்கிறது.

பாலித் தீவில் பிறந்த வரிசையே பெயராகிறது. முதற் குழந்தை வாயான், இரண்டாவது மாதே, மூன்றாவது ஞோமான், நான்காவது கெதுத். ஐந்தாவது பிறந்தால் மீண்டும் வாயானிலிருந்து சக்கரம் சுழலத் தொடங்கும். ஜப்பானியர் மூத்த மகனை இச்சிரோ என்றும், இரண்டாமவனை ஜிரோ என்றும், மூன்றாமவனை சபுரோ என்றும் எண்ணிப் பெயரிட்டார்கள். நம் வீடுகளில் பெரியசாமியும் சின்னசாமியும், பெரியம்மாளும் சின்னம்மாளும் அடுத்தடுத்துத் தொட்டிலேறியது இந்த உலக வழக்கத்தின் தமிழ்க் கிளைதான்.

தெய்வம் தந்த பிள்ளை

வேண்டுதலிலிருந்து பிறந்த பெயர்களே உலகத்தில் அதிகம். பிள்ளை வரம் கேட்டுத் தவித்தவர்கள் எல்லாத் தேசங்களிலும் ஒரே சொல்லைத்தான் தத்தம் பாஷையில் உச்சரித்திருக்கிறார்கள். சம்ஸ்கிருதத்தில் தேவதத்தன், கிரேக்கத்தில் தியோடோரோஸ், எபிரேயத்தில் நத்தானியேல், ஸ்லாவிய மொழிகளில் போக்தான், பாரசீகத்தில் குதாதாத், அரபியில் அதாவுல்லா. புனித அகஸ்டின் தம் ஒரே மகனுக்கு இட்டிருந்த லத்தீன் பெயர் அதியோதாத்துஸ். இவை அனைத்துக்கும் ‘தெய்வம் தந்தது’ என்ற ஒரே பொருள்தான். தெய்வத்துக்கு அடியவன் என்று சொல்லிக்கொள்ளும் பணிவும் இதைப்போலவே எங்கும் பரவியிருக்கிறது. அப்துல்லாவும், எபிரேயரின் ஒபதியாவும், எத்தியோப்பியரின் கெப்ரெசெலாசியும், கொலம்பா என்ற முனிவருக்குத் தொண்டன் எனப் பொருள்படும் ஸ்காட்லாந்து நாட்டு மால்கமும், நம் காளிதாசனும் ஒரே பந்தியில் உட்காரத் தக்கவர்கள்.

இவ்வகைப் பெயர்களுள் மிக நீண்ட பிரயாணம் செய்தது ‘யோகனான்’ என்னும் எபிரேயப் பெயராகும். ‘ஆண்டவர் அருளினார்’ என்ற பொருளுடைய அப்பெயர், கிரேக்கத்தின் வழியாக ஐரோப்பாவில் நுழைந்து, ஆங்கிலத்தில் ஜான் ஆகி, ஸ்பானிய நாவில் ஹுவான் ஆகி, இத்தாலியில் ஜியோவன்னி ஆகி, ருஷியப் பனியில் இவான் ஆகி, அயர்லாந்தில் ஷான் ஆகி, ஹங்கேரியில் யானோஷ் ஆகி, அரபி உலகில் யஹ்யா என்றும், மலையாள நாட்டில் உலகன்னான் என்றும் உருமாறி வாழ்கிறது. போன இடமெல்லாம் அதன் ஓசை அந்தந்த நாவுக்கேற்பத் தேய்ந்து வளைந்ததேயன்றி, கேட்கிறவருக்கு அதன் உட்பொருள் விளங்கவில்லை. தமிழ் நாட்டிலோ அந்தப் பெயருக்கு விசேஷமான உபசாரம் நடந்தது. இங்கே யோவான் என்ற ஓசையைப் பெற்றுக்கொண்டதோடு நில்லாமல், அதன் உட்பொருளையும் விசாரித்தறிந்து, ‘அருளப்பர்’ என்று தமிழாகவே ஆக்கிக்கொண்டார்கள். 1693-இல் ஓரியூரில் உயிர்த்தியாகம் செய்த ஜான் தெ பிரிட்டோ என்னும் போர்த்துக்கீசியத் துறவியை அருளானந்தர் என்று மக்கள் இன்றும் வணங்குவது இந்த மொழிபெயர்ப்பின் பயனே.

லத்தீனில் ‘சிறியவர்’ என்று பொருள்படும் பவுல் என்ற பெயர் அதே முறையில் ‘சின்னப்பர்’ ஆயிற்று. ‘கடவுள் துணைநின்றார்’ என்று பொருள்படும் லாசர் என்ற பெயர் ‘தேவசகாயம்’ ஆயிற்று. திருவிதாங்கூர் அரசில் உத்தியோகம் பார்த்த நீலகண்ட பிள்ளை 1745-இல் அந்தப் பெயரோடு ஞானஸ்நானம் பெற்று, அதே பெயரோடு 2022-இல் புனிதராக உயர்த்தப்பட்டார். தம் பெயரையே இவ்வாறு பொருள் கெடாமல் மொழிபெயர்த்துக்கொண்ட தமிழ்ப் புலவர்களும் உண்டு. சூரியனைப் பரிதியாக்கி, நாராயணனை மாலாக்கி, சாஸ்திரியைக் கலைஞராக்கினார் பரிதிமாற் கலைஞர். வேதத்தை மறையாக்கி, அசலத்தை மலையாக்கினார் மறைமலையடிகள். பெயருக்குள் ஓர் அர்த்தம் உயிரோடு உறைகிறது, அதை எழுப்பினால் எழும் என்று நம்பிய சமூகத்தில்தான் இப்படிப்பட்ட காரியங்கள் நடக்கும்.

எமனின் கண்ணுக்குத் தப்ப

மூன்றாவது ஊற்றாகிய அச்சத்தை, வசதியாக வாழும் இக்காலத்தவர் பலர் புரிந்துகொள்ளாமல், குப்பன் என்றும் பிச்சை என்றும் மூக்கன் என்றும் வழங்கிய பெயர்களைக் கேட்டு நகைப்பதைக் காணும்போது மனம் வருந்துகிறது. பெற்ற பிள்ளைகளை ஒன்றன்பின் ஒன்றாக மண்ணுக்குக் கொடுத்த தாய் ஒருத்தி, அடுத்துப் பிறந்த குழந்தையைக் குப்பைமேட்டில் போட்டு எடுத்து, இது எவருக்கும் வேண்டாத பொருள் என்று விதிக்குக் காட்டி இட்ட பெயரல்லவா குப்பம்மாள் என்பது? தவிட்டைக் கொடுத்துப் பிறரிடமிருந்து வாங்கியதாகப் பாவனை செய்தும், ஆண் குழந்தைக்கும் மூக்குக் குத்தியும், காலனை எப்படியாவது ஏமாற்றிவிடலாமா என்று தவித்த பேரன்பின் சாட்சியங்கள் அப்பெயர்கள்.

இந்தத் தவிப்பு நமக்கு மட்டும் உரியதன்று. மங்கோலியாவின் புல்வெளிகளில் கூடாரமடித்து வாழ்ந்தவர்கள், தீய ஆவிகள் தேடி வந்து ஏமாந்து திரும்பட்டும் என்று, ‘நெர்குய்’ அதாவது ‘பெயரில்லாதவன்’ என்றும், ‘எனெபிஷ்’ அதாவது ‘இது அல்ல’ என்றும், ‘ஹுன்பிஷ்’ அதாவது ‘மனிதன் அல்ல’ என்றும் தம் செல்வங்களுக்குப் பெயரிட்டார்கள். சீனத்துக் கிராமங்களில் ‘நாய் தின்று மிஞ்சியது’ என்று பொருள்படும் செல்லப்பெயர்கூட உண்டு. துருக்கியர் ‘துர்சுன்’ என்றார்கள்; ‘இது நிலைக்கட்டும்’ என்பது பொருள். அஷ்கனாசி யூதர்கள் நோயுற்ற பச்சைக் குழந்தையை ‘ஆல்டர்’, அதாவது ‘கிழவன்’ என்று அழைத்து, மரணதூதன் இளங்குழந்தையைத் தேடி வந்தால் இங்கே இருப்பது முதியவனே என்று எண்ணிப் போகட்டும் என்றார்கள். பிறந்து பிறந்து இறக்கும் குழந்தையை யொருபா மக்கள் ‘மாலோமோ’, ‘இனிப் போகாதே’ என்று அழைத்துக் கெஞ்சினார்கள். இறந்த குழந்தைக்குப் பின் பிறந்ததை எத்தியோப்பியர் ‘காசா’, அதாவது ‘ஈடு’ என்றார்கள். அந்தப் பெயரோடு வளர்ந்த காசா ஹைலு என்பவர்தாம் 1855-இல் முடிசூடியபோது தெவொத்ரோஸ் என்ற பட்டப்பெயரைப் பூண்டு எத்தியோப்பியச் சக்கரவர்த்தியானார். தெவொத்ரோஸ் என்பது தியோடோரோஸின் எத்தியோப்பிய வடிவமே.

பறித்த பெயர்கள்

நினைவும் வேண்டுதலும் அச்சமும் இவ்வளவு ஆழமாகப் பதிந்த சொல்லாகையால்தான், ஒரு ஜனத்தை அடக்க விரும்பியவர்கள் எல்லாம் முதலில் அதன் பெயர்களின்மீது கை வைத்தார்கள். ஹவாய்த் தீவுகளில் 1860-இல் இயற்றிய சட்டம், அங்கே பிறக்கும் குழந்தைக்கெல்லாம் முதற்பெயர் கிறிஸ்தவப் பெயராகவே இருக்க வேண்டும் என்று விதித்தது. அது நீங்க 1967 வரை ஆயிற்று. கொரியாவை ஆண்ட ஜப்பானியர் 1940-இல் அந்நாட்டு மக்களை ஜப்பானியப் பெயர்களுக்கு மாறும்படி நெருக்கினார்கள். 1938-இல் ஜெர்மனியில் நாஜிகள் பிறப்பித்த ஆணை, யூதர் எனத் தெளிவாகக் காட்டாத பெயருடைய யூத ஆண்கள் ‘இஸ்ரேல்’ என்றும், பெண்கள் ‘சாரா’ என்றும் தம் பெயரோடு சேர்த்துக்கொள்ளக் கட்டளையிட்டது. பெருமைக்குரிய இரண்டு பழம்பெயர்கள் அன்று முத்திரை குத்தும் இரும்பாயின.

தென்னாப்பிரிக்காவில், தந்தை ‘ரோலிஷ்லாஷ்லா’ என்று பெயரிட்ட சிறுவன் முதல்நாள் பள்ளிக்குப் போனபோது, இனி உன் பெயர் நெல்சன் என்று சொல்லி உட்கார வைத்தார்கள். ‘மரக்கிளையைப் பிடித்து இழுப்பவன்’ என்று பொருள்படும் அந்தப் பழைய பெயரை நெல்சன் மண்டேலா தம் வாழ்வினால் மெய்ப்பித்தார். பல்கேரியாவில் 1984-ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கித் துருக்கிய வம்சத்தவர் இலட்சக்கணக்கானோரின் பெயர்களை அரசாங்கம் பலவந்தமாக மாற்றியபோது, நயீம் என்ற இளம் பளுதூக்கும் வீரரும் நௌம் ஷலமானோவ் ஆக்கப்பட்டார். 1986 டிசம்பரில் மெல்போர்ன் நகரத்துப் போட்டிக்குப் போன இடத்தில் அவர் காவலிலிருந்து தப்பித் துருக்கிக்குப் போய், நயீம் சுலைமானோக்லு, அதாவது ‘சுலைமானின் மகன் நயீம்’ என்ற பெயரோடு, 1988-இல் சியோல் ஒலிம்பிக்கில் தங்கம் வென்றார். அவர் தலைக்கு மேல் தூக்கிய பாரங்களுக்குள் அந்தப் பெயரும் ஒன்று.

அடிமைக் கப்பல்களில் அமெரிக்காவுக்குப் போன அகான் மக்களிடமிருந்தும் பெயர்கள் பறிபோயின. எனினும் கிழமைப் பெயர்கள் எளிதில் சாகவில்லை. ஜமைக்காவின் மலைகளில் ஆங்கிலேயரை எதிர்த்து நின்று, 1739-இல் அவர்களை உடன்படிக்கைக்கு இணங்க வைத்த தலைவரின் பெயர் குட்ஜோ. திங்கட்கிழமைக்குரிய கோஜோவின் திரிபு அது. விடுதலை பெற்ற கோஃபி என்ற அடிமையின் மகனாகப் பிறந்து, கப்பல் முதலாளியாக உயர்ந்த பால் கஃபீ, எஜமானர் குடும்பத்தின் பெயரை உதறிவிட்டு, தந்தையின் இடுபெயரையே தம் குடும்பத்துக்குப் பெயராகச் சூட்டிக்கொண்டார்.

285 புதிய பெயர்கள்

அந்நியன் பறிப்பது ஒரு கொடுமை. பெற்ற வீடே இட மறுப்பது அதனினும் பெரிய கொடுமை. குப்பம்மாள் என்ற பெயரை வேண்டாத பெயர் என்று கருதுகிறவர்கள், உண்மையிலேயே வேண்டாமல் இட்ட பெயர்களையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். அடுத்தடுத்துப் பெண்ணாகப் பிறந்தபோது தமிழ் நாட்டில் ‘போதும்பொண்ணு’ என்றார்கள். துருக்கியில் ‘யெதெர்’, அதாவது ‘போதும்’ என்றார்கள். மராட்டிய தேசத்தில் ‘நகுசா’ என்றார்கள். நகுசா என்றால் ‘வேண்டாதவள்’. குப்பம்மாளின் தாய் விதியிடம் சொன்ன பொய்யை, நகுசாவின் வீட்டார் மெய்யாகவே அவளிடம் சொன்னார்கள். பள்ளியில் வருகைப் பதிவேட்டை வாசிக்கும் ஒவ்வொரு காலையிலும், எழுந்து நின்று ‘உள்ளேன்’ என்று அந்தச் சொல்லுக்கு அவள் பதில் கொடுத்தாக வேண்டும்.

2011-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் மகாராஷ்டிரத்தின் சாத்தாரா ஜில்லா அதிகாரிகள் ஒரு விழா நடத்தினார்கள். வேண்டாதவள் என்று பெயரிடப்பட்ட 285 பெண்கள், தலைவாரி, இருப்பதில் நல்ல உடையாக உடுத்தி, வரிசையாக வந்து நின்றார்கள். அவர்களுள் ஒருத்திக்கு, பெண்ணாகப் பிறந்தாளே என்ற ஏமாற்றத்தில் அந்தப் பெயரை இட்டவர் அவளுடைய சொந்தப் பாட்டனார். தம் வம்சத்தின் பெயரைச் சுமக்கும் பேர்த்தியாக அவளைத் தூக்கி அணைத்திருக்க வேண்டியவர் அவர். அன்று எந்த மூத்தவரும் குனிந்து அவர்கள் காதில் ஓதவில்லை. தேவியரின் பெயர், சினிமா நட்சத்திரங்களின் பெயர், உறுதியைக் குறிக்கும் பெயர் என்று தமக்குத் தாமே தேர்ந்துகொண்ட பெயர்கள் எழுதிய சான்றிதழை, ஒரு சிறு பூச்செண்டோடு சேர்த்து, தொட்டிலில் கிடைக்காத அந்தச் சொல்லை இரு கைகளாலும் வாங்கிக்கொண்டார்கள்.